லினக்ஸுக்கு வரும் மாணவர்களுக்கு: இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

லினக்ஸை நிறுவிவிட்டு ஒரே வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிய மாணவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். லினக்ஸே பிடிக்கவில்லை என்பவர் குறைவு. "அசைன்மென்ட் ஃபைலைத் திறந்தா பக்கமெல்லாம் கலைஞ்சு போச்சு", "வைஃபை வரவே இல்லை", "லேப் சாஃப்ட்வேர் இதுல ஓடாதாம்" என்பார்கள். எல்லாமே நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்கக்கூடியவை. முதல் நாள் ஆர்வத்தில் டிஸ்க்கைப் பிரித்து இயங்குதளத்தை மாற்றிவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் தேடி அலைவதால் வருகிற தொல்லை இது. வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதித் தொல்லை வராது: முதலில் மென்பொருள்கள், அடுத்து ஒத்திகை, இயங்குதளம் கடைசியில்.

எதற்கு இந்த மெனக்கெடல்?

லினக்ஸ் ஒரு மாணவர் தொடங்கிய வேலை. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், தன் 386 கணினிக்காக எழுதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இலேயே குனு திட்டத்தை அறிவித்திருந்தார். கம்பைலர், எடிட்டர், ஷெல் எல்லாம் அங்கிருந்து வந்தன. இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று. 1993இல் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக்கும் அப்போது பர்டியூ பல்கலைக்கழக மாணவர்தான். இன்றைய உபுண்டுவும் மின்ட்டும் அந்த டெபியன் அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இருப்பவை அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. கணினித் துறையில் படிப்பவர் வேலைக்குப் போன இடத்தில் எப்படியும் இதைச் சந்திப்பார். படிக்கும்போதே பழகிவிட்டால் நல்லது. வேறு துறையில் இருப்பவருக்கு இன்னொரு நேரடிக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் பல இதனாலேயே கைவிடப்படுகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராக் செய்த மென்பொருளைத் தேடிப் போய், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸையும் சேர்த்து வாங்கி வரும் பழக்கம் மாணவர்களிடையே சாதாரணமாகிவிட்டது. கட்டற்ற மென்பொருளில் பிரதி எடுத்து நண்பருக்குக் கொடுப்பது உரிமத்திலேயே எழுதித் தந்திருக்கும் உரிமை. மூலநிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் பகிரலாம்.

முதல் படி: ஒரு தாளும் பேனாவும்

இந்த ஆண்டு படிப்புக்கு எந்தெந்த மென்பொருள் தேவை என்று எழுதுங்கள். பாடத்திட்டத்தில் உள்ளவை, ஆசிரியர் சொன்னவை, நீங்களாகப் பயன்படுத்துபவை எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒரு விடையைக் குறியுங்கள்: லினக்ஸிலும் கிடைக்கும், மாற்று உண்டு, மாற்றே இல்லை.

பைத்தான், ஜாவா, சி, ஆர், ஆர்டுயினோ, மேட்லேப் எல்லாம் லினக்ஸிலும் கிடைக்கும். மேட்லேப் கட்டண மென்பொருள் என்பதால் குனு ஆக்டேவைப் பார்த்து வைக்கலாம். அடிப்படைக் கணக்குகளுக்கு அதே நிரல் பெரும்பாலும் ஓடிவிடும். சர்க்யூட் போர்டு வரைய கிகேட் இருக்கிறது. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், போட்டோஷாப் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. "ஃப்ரீகேட் இருக்கே, கிம்ப் இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். சொந்த வேலைக்கு அவை போதும். ஆனால் சாலிட்வொர்க்ஸ் ஃபைலாகவே சமர்ப்பிக்கச் சொல்லும் பாடத்துக்கு ஃப்ரீகேட் உதவாது. அந்த இடத்தில் கொள்கைப் பிடிவாதம் வேண்டாம். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மறந்துவிடுவது ஆன்லைன் தேர்வு. தேர்வின்போது திரையைப் பூட்டி வைக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே வருகின்றன. உங்கள் கல்லூரி எதைப் பயன்படுத்துகிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வரி: ஸ்டீமில் உள்ள விளையாட்டுகள் நிறைய, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஓடும், வேலரன்ட் ஓடாது.

இரண்டாம் படி: விண்டோஸில் இருந்தபடியே மாறுங்கள்

இயங்குதளத்தைத் தொடாமல், ஒரு மாதம் அன்றாட வேலைகளைக் கட்டற்ற மென்பொருள்களில் செய்து பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், வி.எல்.சி., கிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாமே விண்டோஸிலும் ஓடுபவை. பிறகு லினக்ஸுக்குப் போகும்போது அதே ஐகான்கள், அதே மெனுக்கள் காத்திருக்கும். புதிதாகப் பழக வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

இதில் அதிகம் உழைக்க வேண்டியது லிப்ரே ஆபீஸில்தான். வேர்டில் தயாரித்த உங்கள் பழைய அசைன்மென்ட் ஒன்றை, அட்டவணையும் படமும் சமன்பாடும் உள்ளதாகப் பார்த்து எடுத்து, அதில் திறந்து பாருங்கள். எங்கே நகர்கிறது, எங்கே சரியாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். லினக்ஸுக்குப் போன பிறகு வரும் கலைதலுக்கு முக்கியக் காரணம் எழுத்துரு. காலிப்ரி மைக்ரோசாஃப்டின் எழுத்துரு, விண்டோஸோடு வருவது; லினக்ஸில் இருக்காது. அது இல்லாத கணினி வேறொரு எழுத்துருவை வைத்து நிரப்பும். எழுத்துகளின் அகலம் மாறும். வரி உடையும் இடம் மாறும். பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவும், அதோடு படமும் தாவும். கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு காலிப்ரியின் அதே அகலத்தில் செய்யப்பட்டது. கேம்ப்ரியாவுக்கு அப்படி கலாடியா. இரண்டும் கணினியில் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

சமர்ப்பிக்கும் ஃபைலை எப்போதும் பி.டி.எஃப்.ஆக மாற்றி அனுப்புங்கள். குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டில் ஒரே ஆவணத்தை நாலு பேர் திருத்துவதாக இருந்தால் பிரவுசரில் திறக்கும் ஆவணமே நிம்மதி. யார் எந்த இயங்குதளத்தில் இருக்கிறார்கள் என்பது அங்கே பொருட்டில்லை.

மூன்றாம் படி: எந்த லினக்ஸ்?

இந்தக் கேள்வியில் மாதக்கணக்கில் நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. நான் சொல்வது லினக்ஸ் மின்ட். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் மெனுவும் டாஸ்க்பாரும் அந்நியமாகத் தோன்றாது. 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினியா, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜி.பி. அல்லது மேலா, சினமன் பதிப்பு. உபுண்டு பிடித்திருந்தால் அதன் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுங்கள், 5 ஆண்டுகள் இலவசமாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். நடுவில் வரும் மற்ற பதிப்புகள் 9 மாதத்தோடு முடிந்துவிடும், படிப்புக்கு நடுவே மறுபடி மேம்படுத்த வேண்டியிருக்கும்.

காளி லினக்ஸ் வேண்டாம். ஹேக்கர் படம் பார்த்த சூட்டோடு அதைத்தான் பலரும் கேட்கிறார்கள். பாதுகாப்புச் சோதனை செய்யும் தொழில்முறை ஆட்களுக்கான கருவிப்பெட்டி அது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. சைபர் பாதுகாப்புதான் உங்கள் பாடம் என்றால், பிற்பாடு மின்ட்டுக்குள் விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஒரு கணினி போல) போட்டுக்கொள்ளலாம்.

நான்காம் படி: பென்டிரைவில் ஒத்திகை

8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளது மொத்தமும் அழியும் என்பதால் முன்பே வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். மின்ட் முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. ஃபைலை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். கூடவே அங்கு தரப்பட்டிருக்கும் எஸ்.எச்.ஏ. 256 எண்ணையும் (ஃபைலின் கைரேகை போன்றது) குறித்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கிய ஃபைலின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று விண்டோஸின் பவர்ஷெல்லிலேயே பார்த்துவிடலாம். வெட்டி வேலையாகத் தோன்றும். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்தையே ஊடுருவி, பின்வாசல் வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தத் தளத்தில் சரிபார்க்கும் முறை படிப்படியாகவே விளக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபார்த்தால் இன்னும் உறுதி.

ரூஃபஸ் அல்லது எட்ச்சர் கொண்டு ஐ.எஸ்.ஓ.வைப் பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி பேஸ்ட் செய்தால் கணினி அதிலிருந்து துவங்காமல் போகலாம். பிறகு கணினியை அணைத்து, துவங்கும்போதே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட்டின் திரை வந்துவிடும். இன்னும் உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. திரையில் இருக்கும் "இன்ஸ்டால்" ஐகானை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். வைஃபை இணைகிறதா? சத்தம் வருகிறதா, ஹெட்போன் செருகினால் அதற்கு மாறுகிறதா? வெப்கேம், மைக், திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், டச்பேடில் இரண்டு விரல் உருட்டல்? மூடியைச் சாத்தித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா? செமினார் எடுப்பவர் என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகிப் புரொஜெக்டரையும் சோதியுங்கள். கைரேகை சென்சார் வேலை செய்யாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், அது சகஜம்.

வைஃபை வரவில்லை என்றால் உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்புகளில் இது நடக்கும். அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளும் இடம் இது. போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைச் சாதாரண நெட்வொர்க் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே பரிந்துரைக்கும்.

ஐந்தாம் படி: நிறுவுவதற்கு முந்தைய நாள்

தேர்வு வாரத்தில் வேண்டாம்; புராஜெக்ட் கெடு நெருங்கும்போதும் வேண்டாம். நீண்ட விடுமுறையின் முதல் நாள் ஏற்றது.

முதலில் பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, முடிந்தால் கிளவுடில் இன்னொன்று. நகலெடுத்ததோடு விடாமல், அதிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

அடுத்து பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பூட் அமைப்பில் ஏதாவது மாறினால், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே நினைவில் இல்லாதவர்கள் எத்தனையோ பேர்! எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். சில நிறுவிகள் பிட்லாக்கர் இயங்கும் டிஸ்க்கைக் கண்டதும் அதற்கு மேல் நகராது. அப்போது விண்டோஸில் அதை அணைத்து, மறையாக்கம் முழுதும் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது விண்டோஸை "ஷட் டவுன்" செய்தாலும் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள விண்டோஸ் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவை அங்கிருந்தே சுருக்குங்கள். மின்ட்டுக்கு 60 ஜி.பி. தாராளம், 100 இருந்தால் இன்னும் வசதி. விண்டோஸுக்கும் மூச்சுவிட 20 ஜி.பி.யாவது காலியாக இருக்கட்டும். பிரிந்த பகுதியை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே வெற்றிடமாக விடுங்கள்.

ஒத்திகையின்போது லினக்ஸ் உங்கள் டிஸ்க்கையே காட்டவில்லை என்றால், பயாஸில் (இயங்குதளம் துவங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் ரெய்டு அல்லது வி.எம்.டி. முறையில் இருக்கக்கூடும். அதை ஏ.எச்.சி.ஐ.க்குச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் துவங்காது. விண்டோஸை சேஃப் மோடில் துவங்கும்படி வைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இது தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

ஆறாம் படி: நிறுவுதல்

முந்தைய நாள் வேலை சரியாக முடிந்திருந்தால் இது மிக எளிது. பென்டிரைவிலிருந்து துவங்கி "இன்ஸ்டால்" ஐகானை அழுத்துங்கள். மொழி, விசைப்பலகை, வைஃபை. பாட்டும் வீடியோவும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள். அடுத்து வரும் திரையில் மட்டும் கை நிதானிக்கட்டும். விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்றொரு தேர்வு. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று இன்னொன்று. இரண்டாவதை அழுத்தி உறுதியும் செய்துவிட்டால் விண்டோஸ், டி டிரைவில் இருந்த புகைப்படங்கள், எல்லாம் போய்விடும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். உறுதி செய்யும் பெட்டியில் எந்தெந்தப் பகுதி மாறப்போகிறது என்ற பட்டியல் வரும். அதைப் படித்துவிட்டுத் தொடருங்கள். புரியவில்லை என்றால் பின்னால் போக இன்னும் வழி இருக்கிறது.

என்விடியா கிராபிக்ஸ் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருளைத் துவங்க விடாத பாதுகாப்பு) அணைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். மின்ட்டும் உபுண்டுவும் செக்யூர் பூட் இயங்கும்போதே துவங்கக்கூடியவை. என்விடியா டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். மறுதுவக்கத்தில் வரும் நீலத் திரையில் "என்ரோல்" என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் "கன்டினியூ" அழுத்திவிடுபவர்களுக்குத்தான் டிரைவர் ஏறுவதில்லை.

ஏழாம் படி: முதல் வாரம்

முதல் வேலை அப்டேட் மேனேஜர். இரண்டாவது டைம்ஷிஃப்ட்: கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே அந்த நிலையின் நகலை (ஸ்னாப்ஷாட்) எடுத்து வைத்தால், பின்னால் எதையாவது கெடுத்துக்கொண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்தைத்தான் காக்கும். உங்கள் ஆவணங்களுக்குத் தனி பேக்கப் தேவை.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் அதில் வரும். நோட்டோ, லோஹித் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் முன்பே இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம் வைத்திருந்தால், அந்த எழுத்துரு ஃபைலை இரட்டைச் சொடுக்கில் நிறுவிக்கொள்ளலாம்.

விண்டோஸுக்குப் போய் வந்தால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டும். பேட்டரி கெடவில்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டின் கடிகாரத்தில் எழுதுகின்றன, அவ்வளவுதான். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்.

மென்பொருள் வேண்டும் என்றால் பிரவுசரில் தேடி ஃபைல் பதிவிறக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறங்கள். அங்கிருந்து நிறுவியவை எல்லாம் அப்டேட் மேனேஜர் வழியாகவே கணினியோடு சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், முதல் நாளே அதில் குதிக்கவும் வேண்டாம். கோப்புறைக்குள் போவது, பட்டியலிடுவது, நகலெடுப்பது, கையேடு படிப்பது ஆகிய நான்கைத் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். எங்கோ கண்ட கட்டளையை, அதிலும் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ என்று தொடங்குவதை, என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். நிரல் எழுதுபவர்களைத் தடுக்கிவிடும் ஒன்று: ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு. விண்டோஸில் ஓடிய புராஜெக்ட், "ஃபைல் இல்லை" என்று இங்கே நின்றால் முதலில் பெயரைப் பாருங்கள்.

நண்பர்களை அழைத்து வரும்போது

விண்டோஸ் மோசம் என்று தொடங்கினால் கேட்பவர் அங்கேயே காதை மூடிக்கொள்வார். அவருக்கு இப்போது எது வலிக்கிறது என்று பாருங்கள். மெதுவான பழைய லேப்டாப்பா, வைரஸா, நிரலாக்கச் சூழல் அமைக்க முடியாத தலைவலியா? அந்த ஒன்றை ஒத்திகைப் பென்டிரைவில் தீர்த்துக் காட்டுங்கள். நிறுவும்போது விசைப்பலகை அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நீங்களே முடித்துக் கொடுத்தால் ஒவ்வொரு சின்ன அப்டேட்டுக்கும் உங்களுக்குத்தான் போன் வரும்.

விண்டோஸ் பகுதியை எப்போது அழிப்பது?

ஒரு முழு செமஸ்டர், தேர்வுகள் உட்பட, விண்டோஸைத் திறக்காமலேயே ஓடியிருந்தால் யோசிக்கலாம். அதற்கு முன் வேண்டாம். அழிக்க முடிவெடுத்தால், பகுதிகளை நகர்த்தி ஒன்றாக்கும் வேலையில் இறங்காதீர்கள். பல மணி நேரம் எடுக்கும், நடுவில் மின்சாரம் போனால் தரவும் போகும். விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 வடிவில் ஃபார்மேட் செய்து ஆவணங்கள் வைக்கும் டிரைவாகப் பயன்படுத்துங்கள். ஈ.எஃப்.ஐ. என்று பெயரிட்ட சிறிய பகுதியைத் தொடக்கூடாது, லினக்ஸைத் துவக்கும் பூட்லோடரும் அதில்தான் இருக்கிறது. சில லேப்டாப்புகளுக்குப் பயாஸ் புதுப்பிப்பு விண்டோஸ் வழியாக மட்டுமே வரும். உங்கள் மாடல் அப்படியா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து, நிலுவையில் உள்ள புதுப்பிப்பை முடித்துவிட்டு அழியுங்கள்.